தேய்மானம் கூறும் வரலாறு: மலை மிதிவண்டியும் வட்டுப் பிரேக்கும்

தோற்றுவாய்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது தமிழர் பழமொழி. ஒன்றோடொன்று உரசும் பொருள்கள் யாவும் தேய்ந்தே தீரும் என்னும் இயற்கை விதியை நம் முன்னோர் இவ்வாறு சுருங்கச் சொல்லி வைத்தனர். பொறியியல் எத்துணை வளர்ந்த பின்னும் அவ்விதி மாறவில்லை. தேய்மானத்தை அறவே ஒழித்த பொறி எதுவும் இன்றுவரை தோன்றவில்லை. எந்த உறுப்புத் தேயலாம், எந்த உறுப்புத் தேயலாகாது என்று முடிவு செய்யும் ஆற்றலை மட்டுமே மனிதன் படிப்படியாகப் பெற்று வந்திருக்கிறான். வண்டிகளை நிறுத்தும் பிரேக்கின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும்.

மலைப்பாதைகளில் ஓட்டும் மிதிவண்டிகளில் இன்று டிஸ்க் பிரேக் எனப்படும் வட்டுப் பிரேக் இடம்பெற்றுள்ளது. சக்கரத்தின் நடுவே ஒரு மெல்லிய எஃகு வட்டு சுழல்கிறது. அதனை இருபுறமும் பேட் எனப்படும் இரு சிறு பட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. பட்டைகள் இரண்டும் ஒரே அளவாகத் தேய வேண்டும் என்பதே முறை. ஆயின், பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் ஒரு பட்டை தடித்தும் மற்றொன்று தகடாகத் தேய்ந்தும் காணப்படுகின்றன. இச்சிறு குறைபாட்டின் பின்னே இரண்டு நூற்றாண்டுக் காலத் தேடல் அடங்கியிருக்கிறது. அதனை முறைப்பட ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரண்டிப் பிரேக்கும் ரப்பர்க் கட்டையும்

1817ஆம் ஆண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பார் இருசக்கர ஓட்டப்பொறி ஒன்றை ஓட்டிக் காட்டினார். மிதிகட்டை இல்லாத அவ்வண்டியைத் தரையைக் காலால் உந்தியே ஓட்ட வேண்டியிருந்தது. உந்திய காலே தரையில் ஊன்றி வேகத்தைக் குறைக்கவும் உதவியது எனலாம். பின்னர் மிதிகட்டையும், அதனை அடுத்து உயர்ந்த முன்சக்கரமும் வந்தன. வேகம் பெருகிற்று. வேகம் பெருகியபோது வண்டியை நிறுத்தும் கருவியும் இன்றியமையாததாயிற்று.

அக்காலத்து வண்டிகளில் கரண்டிப் பிரேக் என்ற ஒன்று வழங்கியது. கைப்பிடியை அழுத்தினால் கரண்டி வடிவான உலோகத் துண்டு ஒன்று முன்சக்கரத்தின் மேற்பரப்பில் அழுந்தும். கெட்டி ரப்பர் டயர் இருந்தவரை இம்முறை ஒருவாறு பயன்பட்டது. 1887இல் ஜான் பாய்ட் டன்லப், பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரை உருவாக்கினார். காற்றடைத்த டயரைக் கரண்டி உரசினால் தேய்வது டயரே; டயர் தேய்ந்து வெடித்தால் ஓட்டுநரின் உயிருக்கே ஊறு நேரும். ஆகவே, பிரேக் டயரை விட்டு விலகி, அதனைத் தாங்கும் ரிம்மின் மீது உரசுமாறு அமைக்கப்பட்டது. தேய்மானத்தை ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கு மாற்றும் முயற்சி அன்றே தொடங்கிவிட்டது என்பது ஈண்டு கருதத்தக்கது.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டை பெரும்பாலும் ரப்பரால் ஆயது. அந்த ரப்பருக்கும் நம் மூதாதையர்க்கும் உள்ள உறவை மறத்தல் இயலாது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்கு ரப்பர் விதைகளைக் கொணர்ந்தார். மறு ஆண்டு அவற்றின் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அதன்பின் மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. கப்பலேறி வந்த தமிழர் அத்தோட்டங்களில் வைகறையிலேயே எழுந்து பால்வெட்டினர். உலக மிதிவண்டிகளின் டயர்களிலும் பிரேக் கட்டைகளிலும் தேய்ந்து மறைந்த ரப்பரில் அவர்தம் உழைப்பும் கலந்திருந்தது என்பது மிகையன்று. தோட்டத்துக் கிராணிமாரும் ஆசிரியர்களும் ஓட்டிய ஆங்கில நாட்டு மிதிவண்டிகளில் கம்பியால் இழுபடும் பிரேக்கே பொருத்தப்பட்டிருந்தது. ரிம்மின் உட்பக்கத்தை இரு ரப்பர்க் கட்டைகள் மேல்நோக்கி அழுத்துமாறு அது அமைந்திருந்தது. மழை நாளில் ரிம் நனைந்துவிட்டால் அப்பிரேக் எளிதில் பிடிப்பதில்லை என்பதை அவ்வண்டிகளை ஓட்டியவர் நன்கறிவர்.

லான்செஸ்டரும் ஃபுரூடும்

வட்டுப் பிரேக் மிதிவண்டிக்காகப் பிறந்ததன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மோட்டார் வண்டிகளை உருவாக்கிய பிரடெரிக் லான்செஸ்டர் 1902இல் வட்டுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். கருத்துச் சிறந்ததே. எனினும் செப்புப் பட்டைகள் உலோக வட்டின்மீது உரசியபோது எழுந்த கீச்சொலி கேட்போர் காதைத் துளைத்தது. வட்டுக்கு ஏற்ற பட்டை கிடைக்காமையால் அக்கருத்து நெடுங்காலம் பயன்படாமல் கிடந்தது.

உரசும் பட்டையைத் தேடியவர்களுள் முதன்மையானவர் ஹெர்பர்ட் ஃபுரூட். டெர்பிஷையர் மலைப்பகுதியில் சரக்கு வண்டிக்காரர்கள், இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பதற்காகத் தம் வண்டிகளின் பிரேக் கட்டைகளில் பழைய காலணித் தோலை வைத்து ஓட்டியதை அவர் கண்டார். அக்காட்சியே அவரது ஆய்வுக்கு வித்திட்டது. 1897இல் அவர் தொடங்கிய தொழில், பின்னாளில் ஃபெரோடோ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. 1907ஆம் ஆண்டை ஒட்டி அவர் கல்நார் கலந்த பட்டைகளை உருவாக்கினார். ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் வெப்பத்திற்கு அஞ்சாதது, ஒலியைக் குறைத்தது, மெல்லத் தேய்ந்தது. பொறியாளர் மகிழ்ந்தனர்.

ஆனால் தேய்ந்த பொருள் எங்கே செல்கிறது என்ற வினாவை அன்று எழுப்பியவர் மிகச் சிலரே. தேய்ந்தது மறைவதில்லை, அது தூளாகிக் காற்றில் கலக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்கும் ஆலையில் உழைத்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924இல் தம் 33ஆம் அகவையில் உயிர்நீத்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக், கல்நார்த் தூளே அந்நோய்க்குக் காரணம் என அதே ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் பிரிட்டன் கல்நார் ஆலைகளுக்கு விதிமுறை வகுத்தது. எனினும் அங்குக் கல்நாரின் பயன்பாடு முழுவதும் தடை செய்யப்பட்டது 1999இல்தான். இடைப்பட்ட காலத்தில் பிரேக் பட்டைகளைச் செய்தவர்களும், பட்டறைகளில் பிரேக் தூளைக் காற்றால் ஊதித் துடைத்தவர்களும் அறியாமலே அந்தத் தூளைச் சுவாசித்தனர். வண்டியில் சென்றோரின் உயிரைக் காத்த பட்டை, அதனைச் செய்தோரின் உயிரை வாங்கியது. பிரேக்கின் வரலாற்றில் இப்பகுதி வருந்தி நினைக்கத்தக்கது.

வட்டுப் பிரேக் மீண்டும் உயிர் பெற்றது விமானங்களாலும் பந்தய வண்டிகளாலும் ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானச் சக்கரங்களுக்கு அது பயன்பட்டது. 1953இல் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், வட்டுப் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வென்றது. 1955இல் சிட்ரோயன் நிறுவனம் தன் டிஎஸ் வண்டியின் முன்சக்கரங்களில் அதனைப் பொருத்தியது. 1969இல் ஹோண்டா சிபி 750 மோட்டார் சைக்கிளிலும் அது இடம்பெற்றது. மிதிவண்டியின் முறை அதற்குப் பின்னரே வந்தது.

மலைச்சரிவில் ஒரு சோதனை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் வட்டாரம் உள்ளது. அங்கு 1970களில் இளைஞர் சிலர் 1930, 1940களில் செய்யப்பட்ட கனத்த பழைய மிதிவண்டிகளைத் தேடியெடுத்து, மலைப்பாதைகளில் இறக்கி ஓட்டினர். 1976 அக்டோபர் 21ஆம் நாள் ஃபேர்ஃபாக்ஸ் ஊரை அடுத்த மண்பாதை ஒன்றில் அவர்கள் முதற்பந்தயத்தை நடத்தினர். ஏறத்தாழ 2 மைல் தொலைவில் 1,300 அடி இறங்கும் பாதை அது.

அவ்வண்டிகளில் இருந்தது, மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கர ஹப்பினுள் இயங்கும் பிரேக். ஒருமுறை மலையிறங்கி வந்தால் ஹப்பில் இருந்த கிரீஸ் வெப்பத்தால் உருகிப் புகையாகப் போய்விடும். ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைத்த பின்னரே அடுத்த ஓட்டத்திற்கு வண்டியை எடுக்க முடியும். மீண்டும் அடைத்தல் என்னும் பொருளுடைய 'ரீபேக்' என்ற பெயரே அப்பந்தயத்திற்கும் பாதைக்கும் நிலைத்துவிட்டது. ஒரு பந்தயம் தன் பிரேக்கின் குறைபாட்டையே பெயராகக் கொண்டது வேடிக்கையானதே. சார்லி கெல்லி பந்தயங்களை நடத்தினார். கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கியது அப்பாதையின் அழியாச் சாதனையாயிற்று.

அந்த வெப்பம் எவ்வளவு என்பதைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொள்வோம். 1,300 அடி என்பது ஏறத்தாழ 396 மீட்டர். இவ்வுயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 350 கிலோஜூல் ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 293 கிலோஜூல் போதும். காற்றின் எதிர்ப்பும் பாதையின் உராய்வும் ஒரு பங்கை ஏற்றாலும், எஞ்சியது அனைத்தும் சில நிமிடங்களில் அச்சிறு ஹப்பினுள் வெப்பமாக மாறியது. கிரீஸ் புகைந்ததில் வியப்பில்லை.

1977இல் ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கெனவே புதிய சட்டங்களைச் செய்தார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும் இவ்வகை வண்டிகளை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வண்டி பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தது. 1990இல் கொலராடோவின் துராங்கோ நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் மலை மிதிவண்டி இடம் பெற்றது.

வட்டு மிதிவண்டிக்கு வந்த வழி

ஹப் பிரேக்கைக் கைவிட்ட மலை மிதிவண்டிகள் முதலில் ரிம் பிரேக்கையே ஏற்றன. ஆயினும் சேற்றில் ஓடும் சக்கரத்தின் ரிம்மில் மணல் ஒட்டும். பிரேக் கட்டை அந்த மணலை ரிம்மின்மீது வைத்துத் தேய்க்கும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பான செயல் இது. ஈரமான பாதைகளில் ஓட்டுவோரின் ரிம்கள் விரைவில் மெலிந்தன. மெலிந்த ரிம், டயரின் காற்றழுத்தத்தைத் தாங்காது பிளந்துவிடும். சக்கரத்தின் உயிர் உறுப்பே தேய்வதால் இம்முறை ஓர் எல்லைக்குமேல் செல்ல இயலவில்லை.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மவுண்டன் சைக்கிள் நிறுவனம் வட்டுப் பிரேக் பொருத்திய வண்டியை விற்றது. இங்கிலாந்தின் பார்னோல்ட்ஸ்விக் ஊரில் ஐயன் வெதரில், சைமன் ஷார்ப் ஆகிய இரு பொறியாளர் 1989இல் தொடங்கிய ஹோப் நிறுவனமும் அத்துறையில் முன்னோடியாய் விளங்கியது. பத்தாண்டு முடிவதற்குள் மோட்டார் சைக்கிள் பிரேக்குகளில் பழகிய ஹேய்ஸ் நிறுவனமும், ஜப்பானின் ஷிமானோவும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வட்டுப் பிரேக்குகளைப் பரப்பின. சேறு படியும் ரிம்மிலிருந்து தேய்மானம் விலகி, சக்கரத்தின் நடுவில் உள்ள எளிதாக மாற்றத்தக்க வட்டுக்கும் பட்டைக்கும் சென்றது. 2010இல் சைக்ளோகிராஸ் போட்டிகளிலும், 2018இல் சாலைப் போட்டிகளிலும் உலக மிதிவண்டி ஒன்றியம் வட்டுப் பிரேக்கை முறைப்படி ஏற்றது.

ஒருபுறம் தேய்வதன் காரணங்கள்

தேய வேண்டிய உறுப்பைத் தேர்ந்துவிட்டதனால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அது நேராகத் தேய வேண்டும். வட்டின் தடிமன் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர். பட்டைக்கும் வட்டுக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரினும் மிகக் குறைவு. இத்துணை நுண்ணிய இடத்தில் சிறு கோணலும் பெரும் விளைவைத் தரும்.

முதற்காரணம், பட்டைகளைத் தாங்கும் கேலிப்பர் வட்டுக்கு இணையாக நில்லாமை. சட்டத்தில் அதனைப் பொருத்தும் இரு முகங்களில் சாயம் படிந்திருந்தாலோ, அவை சரிவரச் சமன் செய்யப்படாவிட்டாலோ, கேலிப்பர் சாய்ந்து நிற்கும். அப்போது பட்டையின் ஒரு விளிம்பு முதலில் வட்டைத் தொடும். பட்டை ஆப்பு வடிவில் தேயும்.

இரண்டாவது காரணம் பிஸ்டன். எண்ணெய் அழுத்தம் இருபுறமும் சமமாகவே செல்கிறது. ஒவ்வொரு பிஸ்டனையும் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. பிஸ்டன் முன்னேறும்போது அவ்வளையம் வளைந்து கொடுத்து, கையை எடுத்ததும் தன் நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் பின்னுக்கு இழுக்கிறது. புழுதியாலோ வறட்சியாலோ ஒரு பிஸ்டன் இறுகிவிட்டால் மற்றதே முழு வேலையையும் செய்யும். அப்பக்கத்துப் பட்டை விரைந்து தேயும். வட்டும் ஒருபுறமாக வளைக்கப்படும். உழைப்பவன்மீதே மேலும் சுமை ஏறுவது போன்றது இந்நிலை.

மூன்றாவது, கேபிளால் இயங்கும் எளிய வகைப் பிரேக்குகளின் அமைப்பு. அவற்றுள் பலவற்றில் ஒரு பட்டையே நகரும். அது வட்டை வளைத்து, நிலையாக நிற்கும் மற்றப் பட்டையின்மீது அழுத்துகிறது. நிலையான பட்டையை அவ்வப்போது திருகி முன்கொணராவிடில் ஒருபுறத் தேய்மானம் தவிர்க்க முடியாததாகிவிடும்.

கேலிப்பரும் பிஸ்டனும் குறைவற இருப்பினும், சுழலும் வட்டு முதலில் நுழையும் விளிம்பில் பட்டை மிகுதியாகத் தேயும் இயல்பும் உண்டு. இதனை அறிந்த பொறியாளர், நான்கு பிஸ்டன் கொண்ட பிரேக்குகள் சிலவற்றில் நுழைமுகப் பிஸ்டனைச் சிறிதாகவும் மற்றதைப் பெரிதாகவும் அமைத்தனர். அழுத்தத்தைச் சமனற்றதாக்கித் தேய்மானத்தைச் சமன் செய்த திறம் பாராட்டத்தக்கது.

ஓட்டுநரின் பழக்கமும் ஒரு காரணமாகும். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்வதால், வண்டியை நிறுத்தும் ஆற்றல் முன்பிரேக்குக்கே மிகுதி. முன்பிரேக்கைக் கண்டு அஞ்சுவோர் நீண்ட இறக்கம் முழுவதும் பின்பிரேக்கையே பிடித்துக்கொண்டு வருவர். அவர்தம் பின்பட்டைகள் காய்ந்து, பளபளத்து, முன்னதினும் விரைவில் தேய்ந்துவிடும்.

வட்டின் தேய்மானமும் காலநிலையும்

பட்டை மட்டுமன்றி வட்டும் தேய்கிறது. 1.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள தன் வட்டுகள் 1.5 மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்ற வேண்டும் என ஷிமானோ வரையறுத்துள்ளது. பட்டையின் உராய்பொருள் 0.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதனையும் மாற்ற வேண்டும். பிசின் கலந்த பட்டை மென்மையானது, ஒலி குறைவு, மழையில் விரைந்து கரையும். உலோகத் தூளை வெப்பத்தால் இறுக்கிச் செய்த பட்டை நீடித்து உழைக்கும். எனினும் மென்மையான வட்டை அரித்துவிடும். ஆதலால் பிசின் பட்டைக்கு மட்டும் உரியவை என்று சில வட்டுகளில் பொறித்திருப்பர். அப்பொறிப்பைப் படிக்காமல் பட்டையை மாற்றுவோர் விரைவில் வட்டையும் மாற்ற நேரிடும்.

கைப்பிடியில் துடிப்புத் தெரிந்தால் வட்டு கோணிவிட்டது என்று பலரும் முடிவு செய்வர். சில வேளைகளில் வட்டு நேராகவே இருக்கும். பட்டைப் பொருள் அதன்மேல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படிந்திருக்கும். புதிய பட்டைகளைப் பொருத்தியதும், சக்கரம் முழுவதும் நின்றுவிடாமல் பலமுறை வேகத்தை மெல்லக் குறைத்துப் பழக்க வேண்டும் என்பது இதனாலேயே. பழக்கப்படாத பட்டை சூடாக இருக்கும்போது சட்டென வண்டியை நிறுத்தினால் அதன் தடம் வட்டில் பதிந்துவிடும்.

கோலாலம்பூர் புக்கிட் கியாராவிலும் சிங்கப்பூர் புக்கிட் தீமாவிலும் மலைப்பாதைகளில் ஓட்டுவோர்க்கு இச்செய்திகள் ஏட்டுச் செய்திகளல்ல. மழை பெய்த மறுநாள் சேற்றுப் பாதையில் இறங்கினால் மண் துகள் பட்டைக்கும் வட்டுக்கும் நடுவே புகும். வறண்ட நாளில் பல வாரம் உழைக்கும் பட்டை, சேற்றில் அத்தனை நாள் தாங்குவதில்லை. உராய்பொருள் முற்றும் தீர்ந்தால் அதனைத் தாங்கும் உலோகத் தகடே வட்டின்மீது உரசும். பிஸ்டன் தன் எல்லையைக் கடந்து வெளிவந்து எண்ணெய் கசியவும் கூடும். இறக்கத்தின் நடுவே கைப்பிடி பிடிப்பற்றுப் போகும் அந்நிலையில் விபத்தைத் தவிர்ப்பது அரிது.

தடுக்கும் வழியோ மிக எளியது. சக்கரத்தின் பின்னே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கேலிப்பரின் ஊடே நோக்கினால், இருபுறத்து வெளியும் சமமா என்பது கண்ணுக்குத் தெரியும். சமமில்லையேல் கேலிப்பரின் இரு திருகுகளையும் சற்றுத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தவாறே மீண்டும் முடுக்க வேண்டும். பட்டைகளைக் கழற்றி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தேய்மானமே தன் காரணத்தைக் கூறும். ஆப்பு வடிவம் கேலிப்பரின் சாய்வைச் சொல்லும். ஒன்று தடித்து ஒன்று மெலிந்திருத்தல் பிஸ்டனின் இறுக்கத்தைச் சொல்லும்.

முடிவுரை

கரண்டி டயரைத் தேய்த்தது. கட்டை ரிம்மைத் தேய்த்தது. பட்டை வட்டைத் தேய்க்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தேய்மானத்தை உயிருக்கு ஊறு குறைந்த இடத்திற்கு நகர்த்தியுள்ளது. நகர்த்திய ஒவ்வொரு முறையும் புதிய பொறுப்பு ஒன்றும் உடன் வந்தது. கல்நாரைத் தேர்ந்தெடுத்தபோது அப்பொறுப்பை உலகம் நெடுங்காலம் மறந்தது. அதன் விலையை ஆலைத் தொழிலாளர் செலுத்தினர். அப்பாடத்தை மறவாமையால்தான், பட்டைகளில் உள்ள செம்பு மழைநீரோடு ஓடைகளை அடைந்து மீன்களைக் கெடுப்பதைக் கண்ட வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள், மோட்டார் வண்டிப் பட்டைகளில் செம்பைக் குறைக்க 2010இல் சட்டம் இயற்றின.

மலை மிதிவண்டியின் பட்டை நகத்தளவே தடிமன் கொண்டது. இறக்கத்தில் செல்லும் இளைஞனின் உயிர் அதனையே நம்பியிருக்கிறது. அது தேய்வதைத் தடுக்க எவராலும் இயலாது. மாதம் ஒருமுறை அதனைக் கழற்றிப் பார்த்து, ஒருபுறம் தேய்ந்திருப்பின் காரணத்தை ஆராய்ந்து நேர்செய்தல் எல்லாராலும் இயலும். பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கித் தரும் பெற்றோர், அதனை ஓட்டக் கற்பிப்பதோடு அதன் தேய்மானத்தைப் பார்க்கவும் கற்பிப்பாராயின், இரு நூற்றாண்டு உழைப்பின் பயன் அப்பிள்ளைகளையும் சென்றடையும்.